கம்பளத்தில் தடங்கள்

மூஷேனில் பனி இறங்கினால்
முதலில் நடுங்குவது என் அலைபேசி.
இந்த வாரம் மட்டும் பதினொரு வீடுகள்.
வேனில் கருவிப்பெட்டியும் காஸ் சிலிண்டரும் உருள,
வெஃப்ஸ்னா பாலத்தைத் தாண்டுகிறேன்.
தோர்லைஃப் வீட்டுக்கு இது நான்காம் முறை.

வடக்குச் சுவரில் அவருடைய ஹீட் பம்ப்
தாடி உறைந்து நிற்கிறது.
விடிகாலையில் கெட்டில் நிறைய வெந்நீர் ஊற்றியிருக்கிறார்.
ஊற்றியது காலடியில் கண்ணாடியாய்க் கிடக்கிறது.
அதில் அவர் வழுக்கி விழாதது யார் செய்த புண்ணியமோ.

"ஊற்றாதீர்கள் என்று போன முறையே சொன்னேனே."
"எனக்குச் சொன்னாய், ரான்வை.
அதற்குச் சொல்லவில்லையே."

மூடியைக் கழற்றினேன்.
துருவேறிய திருகு ஒன்று
தலை மட்டும் கையோடு வந்தது.
கம்ப்ரஸர் கிளம்புகிறது, இருமுகிறது,
எதற்குக் கிளம்பினோம் என்பதை மறந்து
இரண்டு நிமிடத்தில் அடங்குகிறது.
காயிலுக்கு அடியில் எண்ணெய்க் கறை:
காஸ் கசிகிறது.
பனியை உருக்க வேண்டியபோது சும்மா இருக்கிறது,
சும்மா இருக்க வேண்டியபோது உருக்குகிறது.

சமையலறை மேஜையில்
மின்கட்டண ரசீதுகளை ஜனவரி ஜனவரியாகப் பரப்பினார்.
நான் கேட்கவில்லை, அவராகவே.
"அதே வீடு. அதே ஸ்வெட்டர்.
ஆள் மட்டும் இரண்டிலிருந்து ஒன்றாகியிருக்கிறது.
பிறகு ஏன் ஏறுகிறது?"

ஏன் என்று அவருக்குத் தெரியும்.
தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்கத்தான்
பாதிப்பேர் என்னை அழைக்கிறார்கள்.

"கம்ப்ரஸரை மாற்றலாம்.
புதிதின் விலையில் பாதிக்குமேல் ஆகும்.
மாற்றிய பிறகும்
காயிலுக்குப் பதினேழு வயது, விசிறிக்குப் பதினேழு வயது.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்."

"இன்னும் சூடு தருகிறதே."

தருகிறது. அங்கேதான் எனக்கு நாக்கு குழறும்.
நின்றே போயிருந்தால் யாரும் யோசிக்க வேண்டியதில்லை,
அன்றே ஆர்டர் எழுதிவிட்டுப் போவேன்.
இழுத்துக்கொண்டு கிடப்பதை
என்னவென்று சொல்வது?
"நிற்கிற நாளை அதுதான் தேர்ந்தெடுக்கும்," என்றேன்.
"இதுவரை எதுவும் ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுத்து
நான் பார்த்ததில்லை."

அவர் சிரிக்கவில்லை.
யோசித்துச் சொல்கிறேன் என்றார்,
போன முறையும் அதற்கு முந்தைய முறையும் சொன்ன
அதே குரலில்.

கையெழுத்து வாங்க வரவேற்பறைக்குள் போனபோதுதான்
கம்பளத்தைக் கவனித்தேன்.
ஜன்னலோரம் நான்கு குழிகள்,
நாற்காலிக் கால்கள் பல வருடம் நின்ற இடம்.
ஒரு முழம் தள்ளி இன்னும் நான்கு.
அதற்கும் இப்பால், ஆழம் குறைவாய், வேறு நான்கு.
இப்போது நாற்காலி
சுவரிலிருக்கும் யூனிட்டுக்கு நேர் கீழே,
புத்தகம் படிக்க வெளிச்சமே இல்லாத மூலையில்.

சொல்லவில்லை, விரலால் காட்டினேன்.
அவர் குழி குழியாய்ப் பார்த்துக்கொண்டு வந்தார்.
பிறகு கையை உயர்த்தி
உள்ளிருந்து வரும் காற்றில் வைத்தார்,
குழந்தை நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல்.
"இந்த வெதுவெதுப்பையா
நான் சூடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்?"

வெள்ளிக்கிழமை புதிது வருகிறது.
பழையதை இறக்கும்போது தானும் ஒரு கை பிடிப்பாராம்.
வேண்டாம், அறுபது கிலோ என்றேன்.
நாற்காலியை மட்டும்
அவரே ஜன்னலுக்குத் திருப்பிக் கொண்டுபோகட்டும்.

வாசலில் பூட்ஸ் மாட்டும்போது கேட்டார்:
"உன் வீட்டில் இருப்பதற்கு என்ன வயது?"
"பதினாறு. நன்றாகத்தான் ஓடுகிறது."

எங்கள் வீட்டில் கம்பளம் கிடையாது.
மரத்தரை. எந்தத் தடமும் விழாது.
இரவில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
ஒரு ஜோடிக் காலுறையைக் கழற்றினேன்,
அதற்கடியில் இருந்த இன்னொரு ஜோடியை
எந்தக் குளிர்காலத்தில் போடத் தொடங்கினேன் என்று
எண்ணிப் பார்த்தேன்.
சுவருக்கு வெளியே அது இருமியது.
கழற்றியதைத் திரும்ப மாட்டிக்கொண்டு
விளக்கை அணைத்தேன்.