நான்கு புள்ளி இரண்டு

பதினோரு தவக்காலங்கள்
அல்ஃபோன்ஸாஸ் சாமியாரிடம்தான் போனேன்.
அவருக்குக் காது கேட்காது.

ஜெமைதியா முழுக்கத் தெரிந்த சங்கதி அது.
அவர் கூண்டுக்கு முன்னால் வரிசையாக நின்றோம்,
மழைக்கு ஒதுங்கியவர்கள் போல,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.
பக்கத்துக் கூண்டில் காது நன்றாகக் கேட்கும் இளங்குரு
தனியே ஜெபப்புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தார்.

வாய்ப்பாடு போல ஒப்பிப்பேன்:
கோபப்பட்டேன்.
வெள்ளிக்கிழமை பன்றிக்கறி தின்றேன்.
பூசை நேரத்தில் கூடைப்பந்து ஆட்டத்தை நினைத்தேன்.
சில்லறைப் பாவங்கள்.
பெரிய நோட்டை உள்பையில் வைத்துக்கொண்டு
தட்டில் சில்லறை போடுகிறவனுக்கு
அந்த ஓசை பிடிக்கும்.

இந்த வருடம், பெரிய வியாழனுக்கு முந்தைய நாள்,
கம்பித் தட்டிக்கு அப்பால் ஒரு சின்ன விசில்.
"தங்கை மகள் கௌனாஸிலிருந்து அனுப்பினாள்" என்றார்,
காதுக் கருவியைத் திருகியபடி.
"இனிக் கத்த வேண்டாம். முதலிலிருந்து சொல்."

நான் கத்தியதே இல்லை, சாமி.

முதல் என்பது ஒரு ஜனவரி.
பால் நிலையத்தில் கொழுப்பு பார்ப்பவன் நான்.
யத்வீகாவின் ஒற்றைப் பசு
கண்ணாடிக் குழாயில் நான்கு புள்ளி இரண்டு காட்டியது.
மூன்று புள்ளி ஆறு என்று எழுதினேன்.
மிச்சத்தை என் மைத்துனன் கணக்கில் ஏற்றினேன்.
அவள் புருஷனைப் புதைத்து மூன்று வாரம்.
உறைந்த மண்ணை நெருப்பு மூட்டி இளக்கித்தான் தோண்டினோம்.
நானும் தோண்டினேன்.
கணக்குப் பார்க்க ஆளில்லாத வீடு என்று
அந்தக் குழிக்குள் நின்றுதான் எனக்குத் தோன்றியது.

ஊரே அவளைப் பாவம் என்றது.
நானும் சொன்னேன்,
பேனாவை மூடிக்கொண்டே.

ஆறு குளிர்காலம்.
பிறகு மின்கருவி வந்தது, எண்ணைத் தானே அச்சடித்தது.
நிறுத்தினேன்.
திருந்திவிட்டதாக எனக்கே சொல்லிக்கொண்டேன்.

விசில் நின்றது.
"எவ்வளவு?"
பாவத்தின் கனத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன்.
பணத்தைக் கேட்டார்.
"கொண்டுபோய்க் கொடு. எண்ணைச் சொல்.
அழுது அவளைத் தேற்ற வைத்துவிடாதே."

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
எண்ணைச் சொன்னேன்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"எந்த ஜனவரி?"

சொன்னேன்.
கத்தியைக் கீழே வைத்தாள்.
உறையிலிருந்ததை எண்ணினாள், இரண்டு முறை.
கதவைச் சாத்தினாள். அறையவில்லை.
தாழ்ப்பாள் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

உயிர்ப்புத் திருநாளில் நன்மை வாங்கினேன்.
மூன்று பெஞ்சு முன்னால் அவள் முக்காடு.
சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பவில்லை.
திரும்புவாள் என்று நான் ஏன் எதிர்பார்த்தேன்?
அதையும் அடுத்த முறை சொல்ல வேண்டும்,
கேட்கும் காதில்.

நிலையத்தில் இன்று காலை எண் அச்சாகி வந்தது.
என் கட்டைவிரல் அதை மறைக்கப் போனது, பழைய வழக்கம்.
போகும்போதே பார்த்துவிட்டேன்.
இதுவரை இவ்வளவுதான்.