விடைத்தாள் எழுபத்திரண்டு

பண்டாரவளை. மழை விடாத நான்காம் நாள்.
கட்டில் எழுபத்திரண்டாவது தாள்; சுட்டெண் மட்டும், பெயர் இல்லை.

(அ) முடியாட்சிக்கு எதிராக மக்கள் எழுந்ததன்
சமூக, பொருளாதாரக் காரணிகள் யாவை?

ரொட்டி விலை, உப்பு வரி, மூன்று வகுப்பு.
எல்லாரையும் போலத்தான் தொடங்குகிறாள்.
இரண்டாம் பத்தியில் பேனா வழுக்கிவிட்டது:

“ஈரக் கொழுந்து என்று மூன்று கிலோ கழிப்பார்கள்,
சாக்குக்கு ஒன்று.
பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப்பேர்.
அம்மா கடையில் மாவுக்குக் கடன் சொல்வாள்.
அரசனுக்கு எத்தனை அறையென்று தெரியாது,
எங்கள் காம்பராவில் தகரம் ஒழுகுவது ஏழு இடம்.
அவருடைய நாய்க்கு டொக்டர் ஜீப்பில் வந்த இரவு
செல்லக்கிளி அக்காவுக்கு லொறி கேட்டோம்.
விடிந்துதான் தந்தார்கள். பிள்ளை”

அதோடு அடித்திருக்கிறாள்.
அடித்ததன் மேல், பொடி எழுத்தில்: பிரான்சில்.

புள்ளித்திட்டத்தில் தராசு இல்லை, நாய் இல்லை.
“ஆறு நிமிசத்துக்கு ஒரு தாள், டீச்சர்”
என்கிறார் பிரதம பரீட்சகர்.

(ஆ) விளைவுகளை விளக்குக.

வெறும் பக்கம்.
இலக்கம் மட்டும் போட்டு, இரண்டு தரம் கோடிட்டிருக்கிறாள்.

சுழியம் போடக் கை போகவில்லை.
பிளேன்டீ வந்து ஆறிக் கிடக்கிறது.
எத்தனை கழித்து நிறுத்த கொழுந்தோ.