இருபது தெத்ரி லிஃப்ட்

செவ்வாய்க்கிழமை ருஸ்தாவியில்
நாற்பது நிமிடம் கரண்ட் இல்லை.
திரும்பி வந்ததும் எல்லா வீட்டு ஃப்ரிட்ஜும் முனகத் தொடங்கின.
பதினான்காம் எண் கட்டடத்து லிஃப்ட் மட்டும்
காசை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றது.

மறுநாள் எட்டாவது மாடித் தெங்கிஸ்
அதன் பவர் சப்ளையைக் கழற்றி
ரொட்டிப் பையில் போட்டு, படி படியாய் இறங்கி வந்தார்.
"காசுப் பெட்டியில் யாரோ சட்டைப் பொத்தானைப் போட்டிருக்கிறான்,
அதனால்தான்."
எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கிறது.
மீட்டரிடம் இல்லை.

முதலில் பெரிய கெப்பாசிட்டர்.
ஒரு ராத்திரியில் அது காலியாகியிருக்கலாம்.
'லாம்' என்பதை என் கட்டைவிரல் தழும்பு நம்பாது.
சிமென்ட் ரெசிஸ்டரை இரு முனையிலும் வைத்துப் பிடித்து
பூஜ்யம் வரும்வரை காத்திருந்தேன்.

ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்:
எனக்கு முன்னால் பார்த்தவனின் கையெழுத்து.

டயோடுகள் நான்கு.
ஒரு பக்கம் அரை வோல்ட், மறுபக்கம் மௌனம்.
நான்கும் யோக்கியம்.
மாஸ்ஃபெட்டும் உயிரோடுதான்.

ரெசிஸ்டரைப் போர்டில் வைத்தே கேட்டால்
அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து பதில் சொல்லும்.
ஒரு காலைத் தூக்கிவிட்டால்
தன் வாயால் பேசும்.

"இதோ, ஒழுகியிருக்கிறது!" தெங்கிஸ் விரல் நீட்டினார்.
பெரிய கெப்பாசிட்டரின் அடியில் பழுப்பாய்க் கசிவு.
பசை. ஃபாக்டரியில் ஒட்டியது.

ஜன்னலுக்கு வெளியே
ஒன்பதாவது மாடி லமாராவின் வாளி
கயிற்றில் ஆடிக்கொண்டே மேலே போனது,
உருளைக்கிழங்கும் ஒரு மருந்துச் சீட்டுமாய்.

கடைசியாக, சூடேறும் அலுமினியத் தகட்டின் நிழலில்
சுண்டுவிரல் நகமளவு ஒன்று.
தலை உப்பவில்லை, தோல் கிழியவில்லை.
நாற்பத்தேழு என்று முதுகில் எழுத்து இன்னும் பளிச்.
கழற்றி அளந்தேன்.
மூன்று.

அதன் முக்கிய வேலை எழுப்பிவிடுவது.
ஓட ஆரம்பித்தபின் அதை அதிகம் யாரும் தேடுவதில்லை.
போன கோடையில் வறண்டதோ, அதற்கும் முந்தியோ.
அணையாதவரை
லிஃப்டுக்கே தெரியாது.

"அப்போ செவ்வாய்க்கிழமை கெடவில்லையா?"
"செவ்வாய்க்கிழமை தெரிந்தது."
தாடையைச் சொறிந்தார்.
"இதற்கு விலை?"
"முப்பது தெத்ரி."
ஒன்றரைத் தடவை மேலே போகிற காசு.

புதியதை வைத்தேன். நிஜ ஃப்யூஸ் போட்டேன்.
நடுவில் அறுபது வாட் பல்பைக் கோத்து ஸ்விட்சைத் தட்டினேன்.
பல்பு ஒருகணம் பளீரென்று முழித்து
மங்கியது.
இருபத்துநான்கு வோல்ட், அசையாமல்.

அணைத்தேன்.
தெங்கிஸ் பதறினார்.
போட்டேன், வந்தது. அணைத்தேன்.
சாயம் காயும்வரை தேநீர் குடித்துவிட்டு மறுபடி போட்டேன்,
வந்தது.
"ஓடுகிறதே, விட்டுவிடேன் சிசானா" என்றார்,
பை வாயை விரித்துப் பிடித்தபடி.

இன்னொரு தடவை
அணைத்தேன்.