மனு நேரம்

புழலில் மனு கொடுத்தாயிற்று.
டோக்கன் நாற்பத்தொன்று.
உள்ளே போயிருப்பது பதினேழு வரைதான்.

வெயிலோடு நடந்தேன், ஆதிநாதர் கோயில் வரைக்கும்.
தோல் கூடாது, பெல்ட்டைக் கழற்றுங்க என்றார் வாசலில் இருந்தவர்.
பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
கும்பிடவும் வகை தெரியாமல் நின்றேன்.
உட்கார்ந்திருந்தவர் கையில்
சூலம் இல்லை, வேல் இல்லை.
கையே மடியில்தான் கிடந்தது.
எங்கள் தேசப்பனுக்குக் கையை அப்படி
வைத்துக்கொள்ள வந்ததே இல்லை.

சிறை வாசலிலும் பெல்ட்டைத்தான் முதலில் கேட்டார்கள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாய் அசைந்தது.
எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன்.
வக்கீல் பணம், அம்மா மாத்திரை, எதையும் அவன் கேட்கவில்லை.
"ஒத்தியூர்ல கவசம் திறந்துட்டாங்களா?"
அதற்குள் மணி அடித்துவிட்டது.

மாதவரம், மணலி,
கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால்
ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போனேன்.
கார்த்திகைப் பௌர்ணமிக் கூட்டம்.
வருஷத்தில் மூன்றே நாள், கவசமில்லாத ஆதிபுரீஸ்வரர்.
இங்கேயும் வரிசை, இங்கேயும் கம்பித் தடுப்பு.
சுவரில் பழைய எழுத்து.
முன்னால் நின்ற காலேஜ் பையன் விரலை ஓட்டினான்:
"விளக்கு... ஆடு தொண்ணூறு..."
அதற்குமேல் சுண்ணாம்பு.

புனுகு வாசனை. கறுப்பாய், கரடுமுரடாய், புற்று.
"நகருங்க, நகருங்க."
தம்பி விசாரித்தான் என்று சொல்லக்கூட நேரமில்லை.

எண்ணூர் பஸ்ஸில் ஏறக் கால் தூக்கும்போதுதான்
பேண்ட் நழுவியது.
எந்த வாசலில் விட்டேனோ.