அட்டையின் பின்பக்கம்

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும்
முள் சிவப்பைத் தொட்டது.
நிறுத்தியிருக்க வேண்டும்.
ஓரத்தில் ஒரு புளியமரம்கூட இல்லை.
பின்சீட்டில் இருபது கிலோ இலவம்பாடி முள்ளுக்கத்திரி,
லேபில் கூட வேலை செய்யும் ஹெப்சிபாவின்
தங்கச்சி கல்யாணப் பிரியாணிக்குத் தொட்டுக்க.
இன்னும் மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன்.

ஒரு எஞ்சின் சாக அது போதும்.
கத்திரிக்காய் மட்டும் ஷேர் ஆட்டோவில் ஏறி
நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கொணவட்டத்தில் ஜபருல்லா
ஆயில் குச்சியை உருவிக் காட்டினார்.
நுனியில் பால் விட்ட டீ.
"தண்ணி ஆயில்ல கலந்துகினு கீதும்மா.
உள்ள இன்னா கீதுன்னு பிரிச்சாதான் தெரியும்."
பிளக் வந்த அட்டையைக் கிழித்து எழுதினார்:
அவர் செய்தால் முப்பத்தோராயிரம்.
புதுப்பேட்டையிலிருந்து வேறு வண்டியின் எஞ்சின், இருபத்திரண்டு.
("அது எப்டி செத்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க.")
அப்படியே எடைக்குப் போட்டால்
பதினாலு கைக்கு வரும்.

நானே செய்தால்?

சிரிக்கவில்லை அவர்.
அட்டையைத் திருப்பினார்,
காலியான பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
ஒன்றும் எழுதாமல் என்னிடம் கொடுத்தார்.

எனக்குத் தெரிந்தது ரத்தம்.
குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தே
உறைந்திருக்கிறதா இல்லையா சொல்வேன்.
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனருக்கும் பதினாலுக்கும்
என் விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

சத்துவாச்சாரியில் வாசலோடு நின்றது வண்டி.
மாடிவீட்டு தேவநேசன் வருவோர் போவோரிடமெல்லாம்
"தண்ணியில்லாத ஆறு, ராசா இல்லாத கோட்டை,
இப்ப எஞ்சின் இல்லாத காரு" என்றார்.
மூன்று வாரம். அதே சிரிப்பு.

ஒரு நைட் டியூட்டியில்
மெஷின் சுற்றி முடிக்கும்வரை கணக்குப் போட்டேன்.
பிரித்துப்போட்டு மூடத் தெரியாமல்
சாக்கில் கட்டி எடைக்குப் போட்டால் ஒன்பதாயிரம்.
பதினாலில் ஒன்பது போக ஐந்து.
இத்தனை நாள் தூக்கம் கெட்டது
வெறும் ஐயாயிரத்துக்கா?
ஓர் ஆரணிப் பட்டுக்கு அதைவிடக் கூடக் கொடுத்து
இரண்டே தடவை கட்டியிருக்கிறேன்.

ஞாயிறு. அக்கினி நட்சத்திரம் நாலாம் நாள்.
வெயிலில் வைத்த ஸ்பேனரை
ஈரத்துணி சுற்றித்தான் எடுக்க முடிந்தது.
கழற்றியதையெல்லாம்
தேதி முடிந்த சாம்பிள் டப்பாக்களில் போட்டேன்,
கைப்பழக்கத்தில் லேபிள் எழுதினேன்:
இடம், வால்வு கவர், இடது ஓரம். நேரம், 7.40.
நோயாளி பெயர் என்ற கோட்டில்
டி.என். 23 என்று தொடங்கி வண்டி நம்பர்.

ஹெட்டுக்கு எட்டு போல்ட்.
வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொன்றும் கால் சுற்று.
ஏழு இறங்கி வந்தன.
எட்டாவது அசையவில்லை.
தண்ணீர்க்குழாய்த் துண்டைச் செருகித் தொங்கினேன்.
டக்.
உடைத்துவிட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.
தொட்டுப் பார்த்தால்
சுற்றியது.

தூக்கியபோது
நடு சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் இடையே
கேஸ்கெட்டில் ஒரு கறுப்புக் கோடு,
நகக்கீறல் அகலம்.
இதற்கா, என்று வாய்விட்டுச் சொன்னேன்.
இதற்கு மட்டும்தானா, தெரியாது.
மகனின் ஸ்டீல் ஸ்கேலை ஹெட்டின் குறுக்கே நிறுத்தி
பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்தேன்.
இரண்டு ஓரமும் இருட்டு.
நடுவில் மெல்லிசாக
வெளிச்சம் கசிந்தது.

மேலே பால்கனியிலிருந்து தேவநேசன்,
"ஓடுமா?"

கை கழுவவில்லை.
அட்டையைத் தேடி எடுத்துத் திருப்பி
காலிப் பக்கத்தின் மேல் மூலையில் எழுதினேன்:
ஹெட் மட்டம் பிடிக்க லேத் கூலி,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
கேள்விக்குறியின் புள்ளி மேல்
கட்டைவிரல் பட்டு
கிரீஸ் அப்பிக்கொண்டது.