ஒரு நொடி இருட்டு

இஸ்திரி மேசையை மாடிக்குத் தூக்கி வந்தோம்.
இன்று அது கர்னலின் மேசை.
இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் சுகிர்தா,
நாற்காலியில் முதுகு படாமல்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"செலக்ட் ஆகலேன்னா என்ன செய்வீங்க?"

"அதை யோசிச்சதே இல்ல சார்.
என் ரத்தத்துல ஓடறதே ராணுவம்தான் சார்."

பொய்.
நம் ரத்தத்தில் ஓடுவது
அப்பாவின் சர்க்கரையும்
பண்ருட்டி முந்திரி ஏற்றிப் போகும்
லாரியின் தூக்கம் கெட்ட இரவுகளும்.
"மறுபடி" என்றேன்.

"பெரியார் காலேஜ்ல பிஸிக்ஸ் சேருவேன் சார்,
என்.சி.சி., சி சர்டிபிகேட்,
டிகிரி முடிச்சிட்டு சி.டி.எஸ். எழுதுவேன் சார்."

நல்ல பதில். ரொம்ப நல்ல பதில்.
ஜெராக்ஸ் எடுத்த ரேஷன் கார்டு போல
எழுத்தெல்லாம் தெளிவு,
முகம் மட்டும் கறுப்பு.

மாற்றுத் திட்டம் இல்லையென்றால்
கண்மூடிப் பிடிவாதம் என்பார்கள்.
சட்டென்று எடுத்து நீட்டினால்
மனசு இங்கே இல்லை என்பார்கள்.
நடுவில் இருக்கிறது ஊசிக் காது.
ஞாயிற்றுக்கிழமை முழுக்க
எச்சில் தொட்டு நூலை முறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

தெற்கிலிருந்து காற்று திரும்பியது.
"அண்ணா, உன் கம்பெனி வந்துடுச்சு"
மூக்கைப் பொத்தினாள்.
சிப்காட் வாடை
ஆற்றைத் தாண்டி வந்து
கொடியில் காயும் துணியில் உட்கார்ந்தது.
"அண்ணா இல்ல, சார்."

"சார். நான் ஒண்ணு கேக்கலாமா சார்?
நீங்க செலக்ட் ஆகலேன்னா
என்ன செய்றதா இருந்தீங்க?"

அப்போது கரண்ட் போனது.
புதுப்பாளையம் மொத்தமும் ஒரே அடியில்.
எதிர்வீட்டு இன்வெர்ட்டர்
ஒரு நொடி யோசித்தது,
பிறகு அவர்கள் ஜன்னல் மட்டும் எரிந்தது.

"அதோ, பேக்கப்" என்று சிரித்தாள்.

நான் அந்த ஒரு நொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போபாலில் என் நெஞ்சில் பதினேழு.
பதினாறைக் கூப்பிட்டார்கள்.
அடுத்தது இருபத்து நாலு.
அவ்வளவுதான்,
பேப்பரை மடித்துவிட்டார்கள்.
எண் துணியை அவிழ்த்துக் கொடுத்து,
பயணப்படிக்குக் கையெழுத்துப் போட்டு,
ஸ்டேஷன் போகும் பஸ்ஸில்
ஜன்னல் சீட்டுக்குச் சண்டைகூடப் போட்டோம்.
திருப்பாப்புலியூரில் இறங்கியதும் ஒரு டீ.
காசு கொடுக்க மறந்து நடந்துவிட்டேன்.
டீக்கடைக்காரர் கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் பதினாலு மாதம்.
மஞ்சக்குப்பம் மைதானம் வழியாகப் போகும்
எந்த வண்டியிலும் ஏறவில்லை.
ஓடின ஷூவைக்
கட்டிலுக்கடியில் எலி கொஞ்சம் தின்றது.
எம்.எஸ்சி. விண்ணப்பம் இருந்தது,
வங்கித் தேர்வுப் புத்தகம் இருந்தது,
திட்டமெல்லாம் இருந்தது,
கடைசி தேதியோடு.

பிறகொரு நாள் லேப் வேலை.
பியூரெட்டைத் திறந்து
சொட்டு, சொட்டு,
இன்னும் அரைச் சொட்டு,
வெள்ளைத் தண்ணீர் மெல்ல ரோஜா நிறமாகும் வரை.
எனக்கு அது பிடித்திருக்கிறது.
வீட்டில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை,
சொன்னால் போபாலை மறந்துவிட்டேன் என்று
நினைத்துக்கொள்வார்கள்.

கொசு கடித்தது. அவள் காத்திருந்தாள்.

"இருந்துச்சு" என்றேன்.
"எரியறதுக்குத்தான் நேரமாச்சு."

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை.
நாற்காலி மட்டும் ஒருமுறை கிறீச்சிட்டது.

"மறுபடி"
கர்னல் குரலில் சொன்னாள்.
"முழுசா சொல்லுங்க மிஸ்டர் நவநீதன்.
அந்த நேரம் எவ்வளவு நேரம்?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
என் முதுகும் நாற்காலியில் படவில்லை என்பதை
அப்போதுதான் கவனித்தேன்.

கரண்ட் வந்ததும் கீழிருந்து அம்மாவின் சத்தம்:
காலை ஷிஃப்டுக்குச் சட்டை தேய்க்கணும்,
மேசையை இறக்குங்கடா.
"அஞ்சு நிமிஷம்மா" என்று கத்தினாள் சுகிர்தா,
என் பக்கமிருந்து கண்ணை எடுக்காமல்.