பொருள் எண் நாற்பத்தொன்று

நாய்களுக்குக் கருத்தடை நாற்பதாவது.
செல்லூர் வாய்க்காலைத் தூர் வாருவது நாற்பத்திரண்டாவது.
நடுவில் இது:
கோரிப்பாளையம், பெரியாஸ்பத்திரி எதிர்ச் சாலையில்
உணவுக் கடைகள், தள்ளுவண்டிகள் யாவும்
இரவு பதினொரு மணிக்கு மூடப்பட வேண்டும்.

குறிப்பெடுப்பது என் வேலை.
பதினாறு வருடமாக
நாற்காலி பறந்தாலும்
'விவாதம் நடைபெற்றது' என்று எழுதுகிறவள்.

மனுக் கொடுத்த ரெஜினா பொய் சொல்லவில்லை.
அவர் வாசற்படியை நான் பார்த்திருக்கிறேன்.
கோழி எலும்பு, உடைந்த பாட்டில், வாந்தி.
நீட்டுக்குப் படிக்கும் மகன் காதில் பஞ்சு.
பன்னிரண்டு மணிக்கு ஒருவன் அவர் கேட்டைப் பிடித்தபடி
செத்துப்போன அப்பனைக் கூப்பிட்டு அழுகிறான்
தினமும். அதே ஆள். அதே அப்பன்.

அவன் வருவது பக்கத்துச் சந்திலிருந்து.
அங்கே ஒரு மனமகிழ் மன்றம்.
பலகையில் கேரம் போர்டு வரைந்திருக்கிறது.
உள்ளே போன யாரும்
காயைத் தொட்டதாகத் தகவல் இல்லை.

கவுன்சிலர் தெய்வேந்திரி எழுந்தார்:
"ஊத்துறவன விட்டுட்டு
சோறு போடுறவளப் பூட்டச் சொல்றீங்களே..."
மைக் அங்கே செத்தது.
மீதியை அவர் உதட்டிலிருந்து எழுதிக்கொண்டேன்.

அதிகாரி பதில் சொன்னார்:
மனமகிழ் மன்றம் மாமன்றத்தின் வரம்பில் வராது.
அது மதுவிலக்குத் துறை.

மது விற்க உரிமம் கொடுக்கும் துறைக்கு
மதுவிலக்கு என்று பெயர்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
எழுத்துப் பிழையென்று அதைத் திருத்தி
திட்டு வாங்கியிருக்கிறேன்.

கைகள் எண்ணப்படவில்லை.
வடை வந்துவிட்டது.
மேயர் அடுத்த பொருளைப் படிக்கச் சொன்னார்.

போன ஐப்பசியில் என் தம்பி
தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த ஒன்பது இரவும்
ஒச்சம்மாள் வண்டியில்தான் தின்றேன்.
நன்றிக்கடன் என்றெல்லாம் இல்லை.
காசு கொடுத்துத்தான் தின்றேன்.
ஒருநாள் மட்டும், எட்டாம் நாள்,
நான் நீட்டிய நோட்டை அவள் பார்க்காத மாதிரி
சாம்பாரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை எல்லோரும் போனபின் தட்டச்சு செய்தேன்.
இரவு 11.
இரண்டு ஒன்றுகள்
பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் மாதிரி
விறைத்து நின்றன.
ஒன்றை வீட்டுக்கு அனுப்பினால்
இரவு 1.
யாரும் படிக்கப்போவதில்லை.
படித்தாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்கள்.
அழிக்கும் பொத்தான் மேல் விரல் கிடந்தது
ஒரு டீ ஆறுகிற நேரம்.

அச்சுக்கு அனுப்பினேன்,
இரண்டு ஒன்றோடும்.
ரெஜினா மகனின் பஞ்சு நினைவுக்கு வந்தது என்று
சொல்லிக்கொள்ளலாம்.
பென்ஷன்தான் நினைவுக்கு வந்தது.

நேற்றுப் பதினொன்றரைக்குப் போனேன்.
வண்டியில் பல்பு இல்லை.
அடுப்பு மட்டும் நீலமாக மூச்சு விட்டது.
பிளாஸ்க்கோடு ஒரு பிரசவ வார்டுக்காரர்,
எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிய ஒருவர்,
ட்யூட்டி முடிந்த இரண்டு நர்சுகள்.
யாரும் பேசவில்லை,
திருட்டுச் சாமான் வாங்குவது போல
இட்லி வாங்கினார்கள்.
சந்துக்குள் மன்றத்தின் சீரியல் விளக்கு
பச்சை, சிவப்பு, பச்சை.

தட்டைத் தடவி நாலு எடுத்தாள்.
இருட்டிலும் சட்னி குறி தப்பவில்லை.
"பதினொண்ணுன்னு எவன் எழுதுனானோ தெரியலத்தா.
அவென் வீட்டாளுக யாரும்
ஆஸ்பத்திரில படுத்ததில்ல போல."

வாய் நிறைய இட்லி இருந்தது எனக்கு.
அது ஒரு வசதி.

மேம்பாலத்திலிருந்து ஜீப் விளக்கு இறங்கியது.
"குனி, குனி" என்றாள்.
தார்ப்பாயை இழுத்தாள்.
அவளும் நானும் அடுப்பும்
எக்ஸ்ரேக்காரரின் ஒரு செருப்பும் உள்ளே.
தலைக்கு மேல் ஜீப் மெதுவாகப் போனது.

ஆவியை மட்டும்
எங்களால் உள்ளே பிடித்துவைக்க முடியவில்லை.